ஒட்டும் ஸ்குரூவும் மென்பூட்டும்: வாசகர் கேள்வி பதில்

போன், டிவி, பிரின்டர், லேப்டாப் ஆகியவற்றை வீட்டில் திறந்து சரிசெய்வது பற்றி வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இந்த இதழில் விரிவாகப் பதில் தருகிறோம்.

கேள்வி: ஐபோனின் அடிப்பக்கம் உள்ள இரண்டு ஸ்குரூக்களும் பூப்போல இருக்கின்றன. என்னிடம் உள்ள எந்த டிரைவரும் பொருந்தவில்லை. எதை வாங்க வேண்டும்?
– வாசகர், தேனி

அது ஐந்து இதழ் உள்ள பென்டலோப் ஸ்குரூ. ஐபோனுக்கு 0.8 மி.மீ. அளவு, அதாவது கடையில் 'பி-2' என்று கேட்க வேண்டியது. மேக்புக் ஏரின் அடி மூடிக்கு 1.2 மி.மீ. அளவான 'பி-5'. ஆப்பிள் இந்தத் தலையை 2009இல் மேக்புக் ப்ரோவின் பேட்டரிக்குப் போட்டது. ஐபோன் 4 வந்தபோது வெளியே சாதாரணப் பிளஸ் ஸ்குரூதான் இருந்தது. சில மாதங்களிலேயே அதை இந்தப் பூ ஸ்குரூவாக மாற்றினார்கள். பிளஸ் ஸ்குரூவைவிட இது கூடுதலாக எதையும் இறுக்கிப் பிடிப்பதில்லை. எல்லோர் வீட்டிலும் உள்ள டிரைவர் இதற்குப் பொருந்தாது, அவ்வளவுதான்.

உள்ளே போனால் வேறு தலைகள். ஐபோன் 7 முதல் மூன்று கை உள்ள 0.6 மி.மீ. 'ஒய்' ஸ்குரூவும் சேர்ந்துகொண்டது. அதோடு பிளஸ் 000 பிட்டும் தேவைப்படும். நின்டென்டோ கேம் கருவிகளில் வெளியே இருப்பதும் 'ஒய்' தலைதான், ஆனால் அளவு பெரியது. ஜப்பானியக் கேமராக்களிலும் கேம் கருவிகளிலும் உள்ளே பிளஸ் போலத் தெரிவது பெரும்பாலும் ஜப்பானியத் தர ஸ்குரூ. அதில் வழக்கமான பிளஸ் பிட்டை வைத்துத் திருகினால் முனை மேலே ஏறி வழுக்கி, தலை மழுங்கிவிடும். ஜப்பானியத் தர பிட் தனியாகவே கிடைக்கிறது.

டிரைவரைவிட முக்கியமானது, கழற்றிய ஸ்குரூக்களை வைக்கும் முறை. ஒரு வெள்ளைத் தாளில் போனின் வடிவத்தை வரைந்து, எந்த ஸ்குரூ எந்த இடத்தில் இருந்ததோ அந்த இடத்திலேயே இருபக்க டேப் போட்டு ஒட்டிவையுங்கள். ஐபோன் 5எஸ், 6 போன்றவற்றில் டிஸ்பிளே கேபிள்களை மூடும் சிறு தகட்டில் வெவ்வேறு நீள ஸ்குரூக்கள் உண்டு. அரை மில்லிமீட்டர் நீளமானதைத் தவறான துளையில் முறுக்கினால், அது போர்டுக்குள் இறங்கி அடியில் ஓடும் மெல்லிய செம்புத் தடங்களை அறுத்துவிடும். இதனால் கெட்ட போர்டுகள் ஏராளம். கடைசிச் சுற்றில் ஸ்குரூ கனமாகத் திரும்பினால் உடனே நிறுத்துங்கள்.

தலை மழுங்கிவிட்டால் பலம் கொடுக்காதீர்கள். சால்டரிங் அயர்ன் நுனியைத் தலைமீது சில நொடி வையுங்கள். மரையில் தடவியிருக்கும் பூட்டுப் பசை இளகும். பிறகு ஒரு ரப்பர் பேண்டைத் தலைக்கும் பிட்டுக்கும் நடுவே வைத்து அழுத்தித் திருகிப் பாருங்கள். பக்கத்தில் பேட்டரி இருந்தால் அயர்ன் வேலை வேண்டவே வேண்டாம்.

கேள்வி: போனின் பின்மூடி ஒரு பக்கம் தூக்கிக்கொண்டிருக்கிறது. பேட்டரி உப்பியிருக்கிறது என்கிறார்கள். பழைய போன்களில் மூடியை நகத்தால் கழற்றிப் பேட்டரி மாற்றுவோமே, இதில் நானே மாற்றலாமா?
– வாசகி, ஈரோடு

மாற்றலாம். ஆனால் உப்பிய பேட்டரியும் வயதாகித் தளர்ந்த பேட்டரியும் ஒன்றல்ல. உள்ளே மின்பகு திரவம் சிதைந்து வாயுவாகி, பையை ஊத வைத்திருக்கிறது. அந்தப் பையில் ஓட்டை விழுந்தால் தீப்பிடிக்கலாம். இன்றே சார்ஜ் போடுவதை நிறுத்துங்கள். படங்களை வேறு இடத்துக்கு மாற்றிவிட்டுச் சார்ஜை இறங்க விடுங்கள். சார்ஜ் குறையக் குறைய ஆபத்தும் குறையும். பேட்டரி உப்பாமல் வெறுமனே பழசாகியிருந்தால்கூட, 25 சதவீதத்துக்குக் கீழே இறக்கிய பிறகே போனைத் திறக்க வேண்டும். போன் சூடாகிறது, இனிப்பான ரசாயன வாடை வருகிறது என்றால் திறக்கும் எண்ணத்தையே விட்டுவிட்டு, திறந்தவெளியில் மண் அல்லது மணல்மீது வைத்துவிடுங்கள்.

தேவையான பொருள்கள்: 99 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹால், ஊசியில்லாத சிறு சிரிஞ்சு, உறிஞ்சும் ரப்பர் கிண்ணம், கிட்டார் பிக் போன்ற மெல்லிய பிளாஸ்டிக் தகடுகள் ஐந்தாறு, பிளாஸ்டிக் நெம்புகோல், பக்கத்தில் ஒரு வாளி மணல். கிருமிநாசினியாக விற்கும் 70 சதவீத ஆல்கஹாலில் தண்ணீர் இருப்பதால் இதற்கு உதவாது. இரும்புக் கத்தி, பிளேடு எதையும் மேசையிலேயே வைக்காதீர்கள். இருந்தால் அவசரத்தில் கை அதைத்தான் தேடும்.

1. போனை அணைத்துச் சிம் தட்டை எடுங்கள். நல்ல பேட்டரி என்றால் ஹேர் டிரையரால் மூடியின் ஓரங்களைக் கை பொறுக்கும் சூட்டுக்குச் சற்று மேலே சூடாக்கலாம். பேட்டரி உப்பியிருந்தால் சூடு கூடாது. ஓர இடுக்கில் ஆல்கஹாலைச் சொட்டு விட்டுச் சில நிமிடம் காத்திருங்கள்.

2. ரப்பர் கிண்ணத்தால் இழுத்து, இடுக்கில் ஒரு பிக்கை நுழையுங்கள். 3 மி.மீ. ஆழத்துக்கு மேல் போக வேண்டாம். அதற்கு மேலே கைரேகை சென்சார் கேபிளோ வயர்லெஸ் சார்ஜிங் சுருளோ இருக்கலாம். நுழைத்த பிக்கை அங்கேயே விட்டுவிட்டு அடுத்ததால் மற்ற பக்கத்தை அறுங்கள். முதல் பிக்கை எடுத்துவிட்டால் பசை மறுபடி ஒட்டிக்கொள்ளும்.

3. மூடி விடுபட்டதும் ஒரேயடியாகத் தூக்காதீர்கள். புத்தகம் திறப்பதுபோல் ஒரு பக்கமாகச் சாய்த்து, கேபிள் ஏதும் போர்டோடு இணைந்திருக்கிறதா என்று பாருங்கள்.

4. முதலில் கழற்ற வேண்டியது பேட்டரி கனெக்டர்தான். டிஸ்பிளே கனெக்டரை முதலில் பிடுங்கினால், மின்சாரம் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஊசிகள் ஒன்றையொன்று தொட்டு, டிஸ்பிளேவுக்கு மின்சாரம் தரும் சர்க்யூட் எரியலாம். பேட்டரி மாற்றப் போய் டிஸ்பிளே இருண்டுவிட்டது என்று வரும் போன்கள் பலவற்றில் இந்தத் தப்புதான் நடந்திருக்கிறது.

5. பேட்டரிக்கு அடியில் இழுக்கும் பசைப்பட்டை இருந்தால், அதன் வாலைப் பிடித்து, போனின் தளத்தை ஒட்டிய சாய்வில், மெதுவாக, அறுபடாமல் இழுங்கள். பட்டை இல்லாவிட்டாலோ அறுந்துவிட்டாலோ ஓரமெங்கும் ஆல்கஹால் விட்டு மூன்று நான்கு நிமிடம் கழித்து, பிளாஸ்டிக் தகடால் ஓரங்களிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக நெம்புங்கள். நடுவில் நெம்பினால் பேட்டரி மடியும். மடிந்தால் உள்ளே தகடுகள் ஒட்டி ஷார்ட் சர்க்யூட் ஆகும். அடியில் டிஸ்பிளே கேபிள் ஓடும் பக்கத்தைத் தவிருங்கள்.

6. புதியதை ஒட்டுவதற்கு முன் கனெக்டரை மட்டும் மாட்டி போனை இயக்குங்கள். சார்ஜ் ஏறுகிறதா, கேமரா, ஸ்பீக்கர், கைரேகை எல்லாம் வேலை செய்கிறதா என்று பார்த்த பிறகே மூடுங்கள்.

புதிய பேட்டரியை மல்டிமீட்டரில் அளந்தால் பொதுவாக 3.7 முதல் 3.9 வோல்ட் வரை காட்டும். 3 வோல்ட்டுக்குக் கீழே இருந்தால் பல காலம் கிடங்கில் கிடந்தது, திருப்பிக் கொடுங்கள். பழைய பேட்டரியின் அதே உருவத்தில் ஒன்றரை மடங்கு மில்லியாம்ப்-ஹவர் (mAh) என்று அச்சடித்திருந்தால் நம்பாதீர்கள். அந்தக் கன அளவுக்குள் அவ்வளவு ஆற்றல் அடங்காது.

மூடியை ஒட்ட அந்த மாடலுக்கென்று வெட்டிய பசைத்தாள் கிடைத்தால் அதுவே நல்லது. கிடைக்காவிட்டால் கடைக்காரர்கள் போடும் பி-7000 பசையை ஓரத்தில் மெல்லிய கோடாக இட்டு, ரப்பர் பேண்டுகள் மாட்டி ஒரு நாள் முழுக்க விடுங்கள். தண்ணீர் புகாத தன்மை திரும்பி வராது. மழையில் பத்திரம். பழைய பேட்டரியின் முனைகளில் டேப் ஒட்டி மின்கழிவு வாங்குபவரிடம் கொடுங்கள். குப்பை வண்டியில் போட்டால் அது அமுக்கப்படும்போது வண்டியிலேயே தீப்பற்றலாம். தூய்மைப் பணியாளர்தான் அதன் பக்கத்தில் நிற்பார்.

நகத்தால் மூடி கழற்றிய காலம் முழுதும் போய்விடவில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2023ஆம் ஆண்டு பேட்டரி விதி 2027 பிப்ரவரி 18 முதல், கையடக்கக் கருவிகளின் பேட்டரியைப் பயன்படுத்துபவரே சாதாரணக் கருவிகளால் கழற்றக்கூடியதாக இருக்க வேண்டும் என்கிறது. சிறப்புக் கருவி தேவை என்றால் அதைப் பொருளோடு இலவசமாகத் தர வேண்டும். சில வகைக் கருவிகளுக்கு விலக்கு உண்டு. ஐபோன் 16இல் ஆப்பிள் கொண்டுவந்த பசையும் பாராட்டத்தக்கது. 9 வோல்ட் பேட்டரியை அதில் ஒன்றரை நிமிடம் இணைத்தால் பசை தானே விட்டுவிடுகிறது.

கேள்வி: ஐபோனில் இன்னொரு ஐபோனின் அசல் டிஸ்பிளேவைக் கழற்றி மாட்டினாலும் 'அறியப்படாத பாகம்' என்று வரும் என்கிறார்களே, அசலே எப்படிப் போலியாகும்?
– வாசகர், காரைக்கால்

போலியாக எண்ணுவதில்லை, அந்நியமாக எண்ணுகிறது. டிஸ்பிளே, பேட்டரி, கேமரா ஆகியவற்றுக்குள் சிறு சிப் ஒன்றில் வரிசை எண் இருக்கிறது. தொழிற்சாலையில் அந்த எண்ணைப் போனின் மதர்போர்டோடு சேர்த்து முடிச்சுப் போட்டுவிடுகிறார்கள். எண் மாறியிருந்தால் மென்பொருள் அறிவிப்புக் காட்டும், சில வசதிகளையும் நிறுத்தும். ஸ்குரூவையும் பசையையும் பொறுமையால் வெல்லலாம். இந்தப் பூட்டின் சாவி மட்டும் நம் வீட்டுக்கே வருவதில்லை. எங்கள் பார்வையில் இதுதான் மூன்றிலும் மோசம்.

எந்த மாடலில் எது பூட்டப்பட்டிருக்கிறது என்பது கழற்றுமுன் தெரிந்திருக்க வேண்டும். பேட்டரி அறிவிப்பு ஐபோன் எக்ஸ்ஆர், எக்ஸ்எஸ் முதல் வருகிறது. டிஸ்பிளே அறிவிப்பு 11 முதல், கேமரா அறிவிப்பு 12 முதல். அதற்கும் முன்பே, ஐபோன் 8 முதல், டிஸ்பிளே மாற்றினால் அறை வெளிச்சத்துக்கேற்பத் திரையின் நிறத்தை மாற்றும் ட்ரூ டோன் வசதி காணாமல் போகும். அந்தத் தகவல் பழைய டிஸ்பிளேவின் சிப்பில் இருக்கிறது. கடைக்காரரிடம் புரோகிராமர் கருவி இருந்தால் அதைப் படித்துப் புதியதில் எழுதிவிடுவார். ஆகவே உடைந்த டிஸ்பிளேவைக் கடையில் விட்டுவிட்டு வராதீர்கள். கண்ணாடி நொறுங்கியிருந்தாலும் அந்தச் சிப் பிழைத்திருக்கும்.

ஐபோன் 13 வந்த புதிதில் வேறு டிஸ்பிளே மாட்டினால் முகத்தைப் பார்த்துப் போனைத் திறக்கும் ஃபேஸ் ஐடியே வேலை செய்யவில்லை. பழைய டிஸ்பிளேவின் நுண்ணிய சிப்பைச் சூடாக்கி எடுத்துப் புதியதில் ஒட்ட வேண்டியிருந்தது. கடும் எதிர்ப்புக்குப் பின் ஐபோன் மென்பொருளான ஐஓஎஸ்ஸின் 15.2 பதிப்பில் அந்தத் தடையை நீக்கினார்கள். அதே பதிப்பில்தான் அமைப்புகளுக்குள் 'பாகங்களும் சர்வீஸ் வரலாறும்' என்ற பகுதி வந்தது. பழைய ஐபோன் வாங்குபவர்கள் முதலில் பார்க்க வேண்டிய இடம் அது. ஐஓஎஸ் 18 முதல் பல புதிய மாடல்களில், பழைய போனிலிருந்து எடுத்த அசல் பாகத்தைப் போனிலேயே பதிவுசெய்துகொள்ளலாம். அந்தப் பாகம் பூட்டப்பட்ட போனிலிருந்தோ திருட்டுப் போனிலிருந்தோ வந்திருந்தால் பதிவு நடக்காது. அது நியாயமான தடை.

இந்தப் பூட்டுகளுக்கு நீதிமன்றமும் பதில் சொல்லியிருக்கிறது. வெளிக்கடையில் ஹோம் பட்டன் மாற்றிய போன்கள் அப்டேட் செய்ததும் 'பிழை 53' காட்டிச் செத்துப்போன விவகாரத்தில், ஆஸ்திரேலிய நீதிமன்றம் 2018இல் ஆப்பிளுக்கு 90 லட்சம் ஆஸ்திரேலிய டாலர் அபராதம் விதித்தது. வெளியே ரிப்பேர் செய்ததால் உங்களுக்கு உரிமை இல்லை என்று வாடிக்கையாளரிடம் சொன்னதுதான் குற்றம். அமெரிக்காவின் ஓரிகான் மாநிலம் 2024இல் இயற்றிய சட்டம், ரிப்பேரைத் தடுக்கும் வகையில் பாகங்களை இப்படி முடிச்சுப் போடுவதையே தடை செய்கிறது.

கேள்வி: எல்இடி டிவியில் சத்தம் வருகிறது, படம் இல்லை. பேனல் போய்விட்டது, புது டிவி வாங்குங்கள் என்கிறார் மெக்கானிக். உண்மையா?
– வாசகர், விருதுநகர்

ஒரு நிமிடச் சோதனை இருக்கிறது. இரவில் அறை விளக்கை அணைத்து, டிவியைப் போட்டு, டார்ச் வெளிச்சத்தைத் திரையின்மீது நெருக்கமாகவும் சாய்வாகவும் அடியுங்கள். மங்கலாகப் படம் அசைவது தெரிந்தால் பேனல் நன்றாகவே இருக்கிறது. பின்னால் வெளிச்சம் தரும் எல்இடி பட்டைதான் போயிருக்கிறது. டிவி போட்டதும் திரை ஒரு நொடி ஒளிர்ந்து அணைந்தாலும் பெரும்பாலும் அதே காரணம்தான்.

அந்தப் பட்டைகளில் எல்இடிகள் கார்த்திகை விளக்கு வரிசைபோல் ஒன்றன்பின் ஒன்றாகத் தொடரிணைப்பில் இருக்கும். ஆனால் ஒரு விளக்கு அணைந்தால் மற்றவை எரியும் கதை இங்கே இல்லை. ஒன்று அறுந்தால் மொத்த வரிசையும் இருண்டுவிடும். கெட்டுப்போக முக்கியக் காரணம் சூடு. கடையில் பளபளப்பாகத் தெரிய வேண்டும் என்று வெளிச்சத்தை முழு அளவில் வைத்தே விற்கிறார்கள், நாமும் மாற்றுவதில்லை.

மாற்றுவது இருவர் வேலை. தனியாகச் செய்யாதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் பவர் போர்டில் உள்ள பெரிய கப்பாசிட்டரில் சுமார் 325 வோல்ட், சில போர்டுகளில் அதற்கு மேலும் தங்கியிருக்கலாம். சில நிமிடம் விட்டு மல்டிமீட்டரில் டிசி அளவில் வைத்துப் பாருங்கள். இன்னும் இருந்தால் 60 வாட் குண்டு பல்பின் வயர்களை அதன் இரு முனைகளிலும் வைத்து இறக்குங்கள். ஸ்க்ரூடிரைவரால் தொட்டுப் பொறி கிளப்புவது போர்டுக்கும் கெடுதல், கைக்கும் கெடுதல்.

கட்டில்மேல் போர்வை விரித்து டிவியைக் குப்புற வைத்துப் பின்மூடியைக் கழற்றுங்கள். பேனலின் பின்புறம் ஒட்டியுள்ள ஸ்டிக்கரில் பேனல் எண் இருக்கும், அதைப் படம் எடுங்கள். பட்டை வாங்க டிவி மாடல் எண் மட்டும் போதாது. ஒரே மாடல் டிவிக்குள் வெவ்வேறு காலத்தில் வெவ்வேறு நிறுவனங்களின் பேனலைப் போட்டிருப்பார்கள். பட்டையிலேயே அச்சிட்ட எண்தான் கடைசிச் சொல். அதனால் கழற்றிய பிறகு அந்தப் பட்டையையே எடுத்துக்கொண்டு சென்னை ரிச்சி தெருவுக்கோ உங்கள் ஊர் ஸ்பேர் கடைக்கோ போவதுதான் தோதானது. எல்இடி ஒவ்வொன்றும் 3 வோல்ட்டா 6 வோல்ட்டா, ஒரு பட்டையில் எத்தனை, நீளம் எவ்வளவு, கனெக்டர் எந்தப் பக்கம் என்ற நான்கும் பொருந்த வேண்டும். 6 வோல்ட் இடத்தில் 3 வோல்ட் பட்டை போட்டால் மொத்த வோல்ட்டேஜ் கணக்கு தவறி, எல்இடிகளுக்கு மின்சாரம் தரும் டிரைவர் சர்க்யூட் அணைந்துவிடும்.

உடைவது எப்போதும் பேனல் கண்ணாடியைத் தூக்கும்போதுதான். கண்ணாடியின் ஓரத்தில் படச்சுருள் போன்ற மெல்லிய ரிப்பன்கள் கண்ணாடியோடு ஒட்டவைக்கப்பட்டிருக்கும். அதில் ஒன்று கிழிந்தால் திரையில் நிரந்தரக் கோடு விழும், வீட்டில் சரிசெய்யவே முடியாது. ஆளுக்கு இரண்டு மூலை பிடித்து, ரிப்பன் பக்கம் உள்ள நீளப் போர்டையும் சேர்த்துத் தூக்கிச் சமதளத்தில் வையுங்கள். அடுத்து வரும் வெள்ளைத் தாள்களின் வரிசையையும், எந்த முகம் மேலே என்பதையும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். தாளில் விரல் பட்டால் அந்த ரேகை திரையில் நிழலாகத் தெரியும். பருத்திக் கையுறை போடுங்கள், மின்விசிறியை நிறுத்துங்கள்.

ஒரு எல்இடி மட்டும் போயிருந்தாலும் எல்லாப் பட்டைகளையும் மாற்றுங்கள். மற்றவையும் அதே சூட்டைத் தின்றவை. ஒன்றை மாற்றி மூடினால் அடுத்தது எப்போது போகும் என்று சொல்ல முடியாது, மறுபடி கண்ணாடியைத் தூக்க நேரும். திரையில் உருண்டை உருண்டையாக வெள்ளைப் புள்ளி தெரிந்தால் எல்இடி நன்றாக இருக்கிறது, மேலே ஒட்டிய லென்ஸ் மூடிகள் விழுந்திருக்கின்றன. அவற்றை மறுபடி ஒட்டினால் போதும். வேலை முடிந்ததும் மெனுவில் பேக்லைட்டை 60–70க்கு இறக்கிவிடுங்கள்.

செங்குத்துக் கோடுகள், பாதித் திரை வெள்ளை, கண்ணாடியில் விரிசல் என்றால் மெக்கானிக் சொன்னது சரி.

கேள்வி: லேப்டாப் பேட்டரிக்குள் இருந்த செல்களை மாற்றிப் புதியவை போட்டோம். செல்களில் வோல்ட்டேஜ் சரியாக இருக்கிறது. ஆனால் லேப்டாப் சார்ஜ் ஏற்ற மறுக்கிறது. ஏன்?
– வாசகர், திருநெல்வேலி

பேட்டரிக்குள் செல்கள் மட்டுமல்ல, ஒரு கணக்குப்பிள்ளை சிப்பும் இருக்கிறது. ஒவ்வொரு செல்லின் வோல்ட்டேஜையும் சார்ஜ் சுற்றுகளையும் அது எழுதி வைக்கிறது. செல்லைக் கழற்றியபோது மின்சாரம் அறுந்ததையோ, செல்களுக்கிடையே பெரிய வேறுபாட்டையோ அது ஆபத்து என்று எண்ணி 'நிரந்தரப் பழுது' என்ற கொடியை ஏற்றிவிடும். சிலவற்றில் பியூஸையும் தானே எரித்துவிடும். பிறகு எவ்வளவு நல்ல செல் போட்டாலும் வழி திறக்காது. அந்தக் கொடியை இறக்கத் தனிக் கருவியும் கடவுச்சொல்லும் வேண்டும். லித்தியத்தோடு விளையாடும் இடம் என்பதால் இந்தப் பூட்டைக் குறைசொல்ல மாட்டோம். செல் மாற்றுவதை விட்டுவிட்டு முழு பேட்டரியாக வாங்குங்கள். லேப்டாப் பெயரைச் சொல்லாமல், பழைய பேட்டரியின் ஸ்டிக்கரில் உள்ள பாக எண்ணையும் வோல்ட்டேஜையும் சொல்லிக் கேளுங்கள்.

அதற்கு முன் சார்ஜரையும் பாருங்கள். டெல் லேப்டாப்களின் உருண்டை முள் சார்ஜரில் நடுவில் மெல்லிய ஊசி ஒன்று உண்டு. சார்ஜருக்குள் உள்ள அடையாளச் சிப் அதன் வழியாகத்தான் "நான் இத்தனை வாட்" என்று சொல்லும். அந்த ஊசி வளைந்தாலோ வயர் உள்ளே அறுந்தாலோ லேப்டாப் ஓடும், ஆனால் பேட்டரிக்குச் சார்ஜ் ஏறாது, வேகமும் குறையும். நல்ல பேட்டரியைத் தூக்கிப் போட்டுவிட்டுப் பிறகு சார்ஜர்தான் கெட்டது என்று கண்டுபிடிப்பவர்கள் உண்டு. வேறொரு நல்ல சார்ஜரை மாட்டிப் பார்க்காமல் எதையும் வாங்காதீர்கள்.

கேள்வி: காதில் வைக்கும் வயர்லெஸ் இயர்பட்ஸில் பேட்டரி மாற்ற முடியுமா?
– வாசகி, கோவை

ஏர்பாட்ஸ் போன்ற தண்டுள்ள வகைகளில் நடைமுறையில் முடியாது. அறுத்துத்தான் திறக்க வேண்டும், மூட வழியில்லை. உருண்டையான சில வகைகளில் 1254 என்ற எண்ணுள்ள, சுமார் 12 மி.மீ. அகலமும் 5.4 மி.மீ. உயரமும் கொண்ட பட்டன் செல் இருக்கும். மூடியைப் பிரித்தால் மாற்றலாம். கைக்கடிகாரச் செல்லை அதில் போடாதீர்கள், அது சார்ஜ் ஏறும் வகையல்ல. திறக்குமுன், சார்ஜ் ஏறும் பித்தளைப் புள்ளிகளையும் பெட்டிக்குள் உள்ள ஊசிகளையும் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடையுங்கள். காது அழுக்கால் சார்ஜ் ஏறாத இயர்பட்ஸ் ஏராளம்.

கேள்வி: இங்க் டேங்க் பிரின்டரில் விளக்குகள் மாறிமாறி மின்னுகின்றன. 'இங்க் பேட் ஆயுள் முடிந்தது' என்கிறது. மை நிறைய இருக்கிறது, நேற்றுவரை நன்றாக அச்சடித்தது. இது ஏமாற்றா?
– ஜெராக்ஸ் கடை நடத்தும் வாசகர், தஞ்சாவூர்

பாதி உண்மை. பிரின்டர் ஒவ்வொரு முறை மை தெளிக்கும் ஹெட்டைச் சுத்தம் செய்யும்போதும் உறிஞ்சும் மை, அடியில் ஒரு கனத்த பஞ்சு மெத்தையில் போய்ச் சேர்கிறது. அது நிரம்பினால் மேசையில் மை ஒழுகும். ஆனால் பிரின்டர் மெத்தையைத் தொட்டுப் பார்ப்பதில்லை. எத்தனை முறை சுத்தம் செய்தோம் என்ற கணக்கை மட்டும் வைத்திருக்கிறது. கணக்கு 100 சதவீதம் ஆனதும் நின்றுவிடும். நீங்கள் மெத்தையை மாற்றினாலும் அதற்குத் தெரியாது. கணக்கையும் பூஜ்யமாக்க வேண்டும்.

மாடலைப் பொறுத்து மெத்தை பின்பக்கமோ பக்கவாட்டிலோ ஒரு ஸ்குரூ கழற்றும் மூடிக்குள் இருக்கலாம். சிலவற்றில் முழு உடலையும் பிரிக்க வேண்டும். புதிய சில மாடல்களில் சிப் வைத்த பராமரிப்புப் பெட்டியே தனியாக வருகிறது, மாற்றினால் கணக்கும் தானே சரியாகும். பிரின்டர் வாங்குகிறவர்கள் இந்த ஒன்றைக் கேட்டு வாங்குங்கள்.

கையுறை போட்டு, செய்தித்தாள் விரித்து மெத்தையை எடுங்கள். புதியது கிடைக்காவிட்டால் குழாயடியில் தெளிந்த நீர் வரும்வரை அலசிப் பிழிந்து, நிழலில் இரண்டு நாள் முழுக்கக் காயவிட்டு, அதே வரிசையில் வைத்து, மை வரும் குழாயை அதன்மேல் பொருத்துங்கள். கணக்கை மாற்றும் மென்பொருளைத் தெரியாத தளங்களிலிருந்து இறக்காதீர்கள். ஜிஎஸ்டி, வங்கி வேலை செய்யும் கடைக் கணினியில் அதை இயக்கவே கூடாது. பிரின்டர் மெக்கானிக்குகள் ஒரு முறை மட்டும் பயன்படும் மென்பொருள் சாவியாக வாங்கிச் செய்து தருகிறார்கள். அதுவே பாதுகாப்பு. மெத்தையை மாற்றாமல் கணக்கை மட்டும் திரும்பத் திரும்பப் பூஜ்யமாக்கினால் ஒரு நாள் மை பவர் போர்டில் இறங்கும்.

மெத்தை சீக்கிரம் நிறைவதற்கு நம் பழக்கமும் காரணம். பிரின்டரை அதன் பட்டனால் அணையுங்கள், சுவர் சுவிட்சால் வேண்டாம். பட்டனால் அணைத்தால்தான் ஹெட் தன் மூடிமேல் போய் உட்காரும். நடுவில் மின்சாரம் நின்றால் ஹெட் காய்ந்து அடைத்து, மறுபடி சுத்தம், மறுபடி மை வீண். வாரம் ஒரு முறை நாலு நிறமும் உள்ள பக்கம் ஒன்றை அடித்தால் போதும்.

கார்ட்ரிட்ஜ் வகை பிரின்டர் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. சிப்பைப் பார்த்து வெளி கார்ட்ரிட்ஜை நிராகரிக்கும் ஏற்பாடு அப்டேட் வழியாகவும் வரும். ஹெச்பி இதை டைனமிக் செக்யூரிட்டி என்றே பெயரிட்டு அறிவித்திருக்கிறது. வாங்கும் முன் பெட்டியின் சிறிய எழுத்தைப் படியுங்கள். காலியான கார்ட்ரிட்ஜை நிரப்பி விற்பது காப்புரிமை மீறலா என்ற பிரின்டர் நிறுவனமான லெக்ஸ்மார்க்கின் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2017இல், விற்ற பிறகு அந்தப் பொருளின்மேல் காப்புரிமைக்காரருக்கு உரிமை தீர்ந்தது என்று சொல்லிவிட்டது. சட்டம் அப்படிச் சொன்னாலும் சிப் இன்னும் சொல்லவில்லை.

கேள்வி: வெளிக்கடையில் ஒருமுறை திறந்ததால் வாரண்டி கிடையாது, பாகமும் தர மாட்டோம் என்கிறார்கள். இந்தியாவில் இதற்குச் சட்டம் உண்டா?
– வாசகர், சேலம்

ரிப்பேர் உரிமைக்கென்று தனிச் சட்டம் இன்னும் இல்லை. நுகர்வோர் விவகாரத் துறை 2022 டிசம்பர் 24 அன்று ரிப்பேர் உரிமைக்கான இணையதளம் ஒன்றைத் தொடங்கியது. மொபைல் மற்றும் மின்னணுக் கருவிகள், வீட்டுச் சாதனங்கள், வாகனங்கள், விவசாயக் கருவிகள் என்று நான்கு பிரிவுகளில் நிறுவனங்களின் கையேடுகள், சர்வீஸ் மையங்கள், வாரண்டி நிபந்தனைகள் அதில் உள்ளன. போன், டேப்லெட்டுகளுக்கு 'எவ்வளவு எளிதில் சரிசெய்யலாம்' என்ற மதிப்பெண் போட வேண்டும் என்று ஒரு குழு 2025 மே மாதம் அரசுக்குப் பரிந்துரை தந்திருக்கிறது. பிரான்ஸ் 2021 ஜனவரியிலேயே அப்படி மதிப்பெண் அச்சடிக்க வைத்தது.

உங்கள் நிலையில் செய்ய வேண்டியது: மறுப்பை வாய்வார்த்தையாக ஏற்காதீர்கள். எந்தப் பாகம் கெட்டது, அது வெளியே திறந்ததால்தான் கெட்டதா, எந்த நிபந்தனைப்படி மறுக்கிறீர்கள் என்று மின்னஞ்சலில் கேட்டு எழுத்தில் வாங்குங்கள். கைரேகை சென்சார் மாற்றியதற்காகச் சார்ஜிங் பழுதுக்கு வாரண்டி மறுத்தால் அந்தக் கடிதமே உங்கள் சான்று. பில், ஜாப் ஷீட், கடிதம் மூன்றோடும் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதியுங்கள். தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் கட்டணம் இல்லை, வக்கீல் கட்டாயம் இல்லை.

கேள்வி: தண்ணீரில் விழுந்த போன் உயிர் பெறவில்லை. மெமரி சிப்பை மட்டும் கழற்றி வேறு போனில் வைத்துப் படங்களை எடுக்கலாமா?
– வாசகி, நாகர்கோவில்

இப்போதைய போன்களில் முடியாது. சேமிப்புச் சிப்பில் உள்ளது எல்லாம் பூட்டிய எழுத்து. அதன் சாவி அதே போர்டின் பிராசசருக்குள் இருக்கிறது, கூடவே உங்கள் கடவுச்சொல்லும் வேண்டும். சிப்பைத் தனியாக எடுத்தால் கிடைப்பது குப்பை எண்கள்தான். அதே போர்டை ஒரு மணி நேரமாவது உயிர்ப்பித்து, படங்களை எடுப்பது ஒன்றே வழி. ஆகவே சார்ஜரைச் சொருகிச் சொருகிப் பார்க்காதீர்கள், ஈரத்தில் மின்சாரம் ஓடினால் செம்பு அரித்துக்கொண்டே போகும். அரிசியில் புதைப்பதும் வேண்டாம், அது போர்டின் உப்பை எடுக்காது. பேட்டரி கனெக்டரைக் கழற்றி, போர்டை 99 சதவீத ஆல்கஹாலில் மென்மையான பிரஷ்ஷால் கழுவும் வசதியுள்ள, மைக்ரோஸ்கோப் வைத்து போர்டு வேலை செய்யும் கடைக்கு இன்றே கொண்டுபோங்கள். "போன் வேண்டாம், படங்கள் மட்டும் வேண்டும்" என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். அப்படிச் சொன்னால் போர்டை மாற்றிக் கொடுத்துவிட மாட்டார்கள்.